இடப்பக்கம்

இறந்தது செவ்வாய்க்கிழமை.
எங்களுக்குத் தெரிந்தது வெள்ளி.
இதிலும் மனுஷன் அரைத்தாளம் பிந்தித்தான் வந்திருக்கிறார்
என்றான் ராய்ஸ்டன்.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லாரும் சிரித்தோம்.

ஹல் நகரத்தில் மீன்துறை மூடியதிலிருந்து
உப்புக்காற்று மட்டும்தான் ஒழுங்காக வேலைக்குப் போய்வருகிறது.
ஹெஸ்ஸில் சாலை மதுக்கடையின் பின்னறையில்
பதினோரு பேர், மூன்று ஊன்றுகோல்,
யாருக்கும் இப்போது பொருந்தாத ஒரு டூர் சட்டை.

பத்திரிகை நாலு வரி போட்டிருந்தது.
நாலு தந்திக்கு நாலு வரி, கணக்குச் சரி
என்றாள் மாவிஸ்.
அதில் ஒரு வரி பாடகனைப் பற்றியது.

ஆளுக்கொரு உறையில் புகைப்படங்கள் கொண்டுவந்திருந்தோம்.
மொத்தம் நாற்பத்தாறு. நான்தான் எண்ணினேன்.
பாடகன் வாய் பிளந்து,
பாடகன் வாய் மூடி,
பாடகன் சட்டையில்லாமல்.
நெவில் க்ராப்ட்ரீயின் முழங்கை ஒன்பது படங்களில்.
அவர் கிட்டாரின் கழுத்து நான்கில்.
ஒன்றில், ஓரத்தில், லேஸ் அவிழ்ந்த பழுப்புக் காலணி.
அது அவருடையதா
மேடை பெருக்க வந்தவனுடையதா என்று
அரைமணி நேரம் சண்டை.

டென்ஸில் கையெழுத்துப் புத்தகத்தைத் திறந்தான்.
பதினாலு வயதில் டான்காஸ்டர் வரை
டிக்கெட் இல்லாமல் ரயிலேறிப் போய்
நீட்டிய பக்கம் அது.
கையெழுத்து இல்லை.
'வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா?' என்ற
ஒரு கேள்வி, பென்சிலில்.

மாவிஸ் இரண்டாம் கோப்பைக்குப் பிறகு ஒப்புக்கொண்டாள்:
"பதினோரு வருஷம் அவர் பெயரே எனக்குத் தெரியாது.
டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறவர், அவ்வளவுதான்."
தலையாட்டினோம், அதிகம் கேட்காமல்.
நானும்தான். பனிக்கட்டித் தொழிற்சாலையில்
இருபது வருஷம் இராப்பணி;
குளிரூட்டும் இயந்திரத்தின் முனகல்மேல்
அவர் வாசிப்பைப் பொருத்திவிட்டு
பெட்டி அடுக்குவேன்.
பாட்டு ஞாபகம் வராது. வார்த்தை வராது.
அடிவயிற்றில் மட்டும் யாரோ
கனமாக, நிதானமாக,
மாடிப்படி இறங்குவார்கள்.

ராய்ஸ்டன் பரணிலிருந்து ரெக்கார்டு பிளேயரை இறக்கியிருந்தான்.
இரண்டாவது ஆல்பம், பின்பக்கம்.
முள் கரகரத்தது.
பாடகன் அலறினான், சிம்பல் சிதறியது,
நாங்கள் கண்களை மூடிக்கொண்டு ஆடினோம்.
டென்ஸில் அழக்கூட ஆரம்பித்துவிட்டான்.

கிளெண்டாவுக்கு ஒன்பது வயதில் அம்மை;
அதோடு காது போனது.
அந்த நாளில் எல்லாக் கச்சேரியிலும்
காலணியைக் கழற்றிவிட்டு இடப்பக்கம் முன்வரிசை,
மேடைப் பலகையில் இரு கைகள்.
நாங்கள் பாட்டுக் கேட்ட இடத்தில்
அவள் அவரை மட்டும் கேட்டாள்.
இப்போதும் எழுந்து போய்
இடப்பக்கப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தாள்.
எடுத்தாள். துடைத்தாள். மறுபடி வைத்தாள்.

"நெவில் இன்னும் மேடைக்கு வரலையா?"

அந்தக் காலத்து ஒலிப்பதிவு அப்படித்தான்:
பாட்டு ஒரு பக்கம்,
பேஸ் மறுபக்கம் ஒதுக்குப்புறமாய்.
வயரை எலி கடித்திருந்தது.
இரண்டு பாட்டு முழுசாக
அவர் இல்லாமலே அவருக்காக உருகியிருக்கிறோம்.

டென்ஸில் மூக்கைச் சிந்தினான்.
ராய்ஸ்டன் சுவரைப் பார்த்தான்.
மாவிஸ்தான் முதலில் மேசையில் தட்டினாள்,
மோதிரமில்லாத கையால்.
தும்.
பெரிய இடைவெளி.
தும் தும்.
இன்னொரு கை. என் கை. ஊன்றுகோல் ஒன்று.
கோப்பைகளில் பியர் வட்டம் வட்டமாகச் சிலிர்த்தது.
வலப்பக்கத்தில் பாடகன்
அறுபது வருஷத்துக்கு முந்தைய தொண்டையோடு கத்திக்கொண்டிருந்தான்.
யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

கிளெண்டா கையைப் பெட்டியிலிருந்து எடுத்து
மேசைமேல் வைத்தாள்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"வேகமாகப் போறீங்க," என்றாள்.